காணி, வீடு, ஊர்ப் பொதுநிலம்: கிளிநொச்சியில் எங்கள் குழுவிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி நகரைச் சுற்றியுள்ள சில கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாதர் சங்கங்கள், கமக்காரர் அமைப்புகள் சேர்ந்து அமைத்த ஊர்க்குழு இது. இரண்டு வேலைக்காகக் கூடினோம். வசதி குறைந்த ஒரு குடும்பம் தன் பெயரில் உள்ள காணியில், தன்னால் கட்டி முடிக்கக்கூடிய வீட்டில் இருக்க வேண்டும். குளத்து அலைகரை, மேய்ச்சல் தரை, சுடலை, விளையாட்டு மைதானம் போன்ற பொதுக் காணிகள் ஊரின் கையை விட்டுப் போகக்கூடாது. குழுவில் கடிதம் எழுதும் வேலை என்னுடையது. கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நீங்கள் வீடு தருவீர்களா? காணி தருவீர்களா?

இரண்டும் தருவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் நம்பி வந்து ஏமாந்தவர்கள் எங்கள் ஊர்களில் ஏற்கெனவே நிறையப் பேர். அரச காணியைப் பகிர்ந்தளிப்பது பிரதேச செயலகத்தின் வேலை. வீட்டுத்திட்டத்துக்கு ஆள் தெரிவு செய்வதும் எங்கள் கையில் இல்லை.

நாங்கள் செய்வது கடதாசி வேலை, எல்லை வேலை, அப்புறம் கூடப் போவது. கூடப் போவது சின்ன விஷயமாகத் தோன்றும். கணவர் இல்லாத ஒரு பெண் தனியாக அலுவலகத்துக்கு மூன்று தடவை போய் "நாளைக்கு வாங்கோ" என்ற பதிலோடு திரும்பி வருவார். கூட இரண்டு பேர் போய், என்ன திகதி, யாரைச் சந்தித்தோம், என்ன சொன்னார்கள் என்று கொப்பியில் எழுதத் தொடங்கினால் அதே கோப்பு அலுமாரியிலிருந்து இறங்கும். பல தடவை கண்ணால் கண்டது இது.

எங்கள் பெயரைச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

கலியாணம் கட்டிப் பத்து வருடம். இன்னமும் மாமியின் வளவில் ஒரு கொட்டிலில் இருக்கிறோம். காணி கேட்க எங்கே தொடங்குவது?

உங்கள் கிராம அலுவலரிடம் தொடங்குங்கள். காணியற்ற குடும்பமாக உங்கள் பெயர் அவருடைய பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். பலர், "எல்லாருக்கும் தெரியும்தானே நாங்கள் காணியில்லாதவர்கள்" என்று நினைத்து எழுத்தில் எதுவும் கொடுக்காமலே வருடங்களைக் கடத்தியிருக்கிறார்கள். ஊருக்குத் தெரிவது வேறு, கோப்பில் இருப்பது வேறு.

அரச காணி பகிர்ந்தளிக்கும்போது காணிக் கச்சேரி வைப்பார்கள். விண்ணப்பித்தவர்களை எல்லாருக்கும் முன்னால் விசாரித்துத் தெரிவு செய்யும் முறை அது. ஊரில் எவ்வளவு காலம் இருக்கிறீர்கள், பிள்ளைகள் எத்தனை பேர், வேறெங்காவது காணி உண்டா என்று கேட்பார்கள். தெரிவானவர்களின் பட்டியலை ஒட்டுவார்கள், அதற்கு ஆட்சேபம் தெரிவிக்கலாம். அந்தப் பட்டியலை வாசியுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறோம். அது சுவரில் இருக்கும் நாட்களில் யாரும் பார்ப்பதில்லை; கழற்றிய பிறகு ஊர் முழுக்க அதைப் பற்றிப் பேசும்.

மாமியின் வளவிலேயே ஒரு துண்டைப் பிரித்து எழுதலாமா என்றும் கேட்பார்கள். உறுதிக் காணி, அதாவது தனியார் காணி, என்றால் முடியும். பெர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி, என்றால் குறித்த அளவுக்குக் கீழே துண்டாட முடியாது, பிரதேச செயலரின் அனுமதியும் வேண்டும்.

பெர்மிட், அளிப்பு, உறுதி என்கிறார்கள். எங்களிடம் இருப்பது எது?

எடுத்து வந்து காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறோம். பொதுவாகச் சொன்னால், வன்னியில் குடியேற்றத்திட்டங்களாக எழும்பிய ஊர்களில் பெரும்பாலான காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தவை. எல்.டி.ஓ. காணி என்று நாம் சொல்வது அதைத்தான். முதலில் கிடைப்பது அனுமதிப்பத்திரம், அதாவது பெர்மிட். காணியைத் திருத்தி, குடியிருந்து, நிபந்தனைகளை நிறைவேற்றி, நில அளவையும் முடிந்தபின் கிடைப்பது அளிப்பு. ஜெயபூமி, சுவர்ணபூமி என்று வந்தவை அளிப்புகள்தான். அளிப்பு கிடைத்துவிட்டால் முழுக்க நம் விருப்பம் என்று நினைக்க வேண்டாம். அதை விற்கவோ ஈடு வைக்கவோ இன்னமும் எழுத்து மூல அனுமதி தேவை.

உறுதி என்பது தனியார் காணிக்கு நொத்தாரிசு எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்தது. இவற்றுக்கு வெளியே 1947 ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் நீண்டகாலக் குத்தகை இருக்கிறது. 1972 இன் காணிச் சீர்திருத்தச் சட்டத்தால் கையகப்படுத்தப்பட்ட எல்.ஆர்.சி. (காணிச் சீர்திருத்த ஆணைக்குழு) காணிகளும் இருக்கின்றன. எந்த வகை என்று தெரியாமல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அலைச்சல்தான் மிஞ்சும். எல்.ஆர்.சி. காணியில் இருப்பவர் பிரதேச செயலகத்துக்கு வருடக்கணக்காக நடந்த கதை எங்களிடம் இருக்கிறது.

பெர்மிட் தொலைந்துவிட்டது. இனிக் காணி எங்களுடையது இல்லையா?

உங்களுடையதுதான். பத்திரத்தின் பதிவு பிரதேச செயலகப் பேரேட்டில் இருக்க வேண்டும். காணித்துண்டு இலக்கம், பெர்மிட் இலக்கம், பெயர், இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் தேடலாம்.

ஒரு அம்மா கொண்டுவந்த பெர்மிட்டை நான் மறக்கவில்லை. 2008 இன் கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டவர். விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் என்று அந்தப் பத்திரம் அவருடைய சட்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது. பால்மாப் பையைக் கழுவிக் காயவைத்து அதற்குள் மடித்து வைத்திருந்தார். மேசையில் விரித்தபோது மடிப்பு விழுந்த நாலு கோட்டிலும் எழுத்து இல்லை. இலக்கம் சரியாக ஒரு மடிப்பில் விழுந்திருந்தது. முதல் இரண்டு எண்ணும் கடைசி எண்ணும் தெரிந்தன, நடுவில் வெள்ளை. பக்கத்துக் காணிக்காரர் இருவரின் பெர்மிட்டுகளை எடுத்து, அவற்றின் இலக்கங்களுக்கு இடையில் எது வரவேண்டும் என்று பார்த்து, பேரேட்டில் அவருடைய பக்கத்தைக் கண்டுபிடித்தோம். அவருடைய பெயர் அங்கே தெளிவாக, நல்ல கையெழுத்தில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை.

ஆகவே பத்திரம் இல்லையென்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். அயலவரின் பத்திரங்கள், பழைய பங்கீட்டு அட்டை, பிள்ளைகளின் பாடசாலைப் பதிவு, வாக்காளர் இடாப்பு, இவை எல்லாம் துணைச் சான்றுகள். போருக்குப் பிந்திய அரச காணிப் பிணக்குகளைத் தீர்ப்பதற்கென்றே 2013/01 இலக்கக் காணிச் சுற்றறிக்கை வெளிவந்தது. அந்த நேரத்தில் நீங்கள் கொடுத்த விண்ணப்பம் ஏதாவது இருந்தால் அதன் பிரதியும் உதவும்.

பெர்மிட் கணவரின் பெயரில். அவர் 2009 இல் காணாமல் போனவர். என் பெயருக்கு மாற்ற மரணச் சான்றிதழ் கேட்கிறார்கள். நான் எப்படி எடுப்பேன்?

எடுக்க வேண்டியதில்லை. ஆள் காணக்கிடைக்கவில்லை என்று சான்றிதழ் பெற 2016 ஆம் ஆண்டு சட்டத்தைத் திருத்தி வழி செய்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் எங்கும் கையொப்பம் வைக்கத் தேவையில்லை. இந்த விஷயத்தில் உங்களை யாரும் அவசரப்படுத்த எங்கள் குழு விடாது.

பெர்மிட் காணியில் உரியவருக்குப் பிறகு வாழ்க்கைத்துணைக்கு வாழ்நாள் உரித்து உண்டு. அதன்பின் பெயர் குறிக்கப்பட்ட பின்னுரித்தாளருக்குப் போகும். யாருடைய பெயரும் குறிக்காமல் விட்டால், முன்பு மகன்மாருக்குத்தான் முதலிடம். 2022 இல் வந்த திருத்தம் அந்த ஆண் பெண் வேறுபாட்டை எடுத்துவிட்டது. இது நமது ஊர்களில் இன்னும் பலருக்குத் தெரியாது. "சட்டப்படி தம்பிக்குத்தான்" என்று அக்காமாரிடம் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

உயிரோடு இருக்கும்போதே பின்னுரித்தாளர் பெயரைப் பதிந்துவிடுங்கள். ஒரு நாள் வேலை. பதியாமல் விட்டதால் சகோதரங்கள் பேச்சை நிறுத்திய வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன.

பெர்மிட் காணியை அவசரத்துக்கு விற்கலாமா? ஒருவர் நல்ல விலை சொல்கிறார்.

வேண்டாம். சட்டப்படி அந்த விற்பனை செல்லாது. அது உங்களுக்கும் நட்டம், வாங்குபவருக்கும் நட்டம். இருந்தும் நடக்கிறது. முத்திரை ஒட்டிய ஒரு தாளில் கைமாற்று எழுதுவார்கள், அல்லது அற்றோணித் தத்துவம் (நமக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) என்று ஒன்றில் கையொப்பம் வாங்குவார்கள், அல்லது பெர்மிட்டை "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று கடனுக்கு வாங்கிக்கொள்வார்கள். நுண்கடன் தவணை கட்ட முடியாமல் பெர்மிட்டைக் கொடுத்த பெண்கள் எங்களிடம் வந்து அழுதிருக்கிறார்கள். ஏ9 வீதியை அண்டிய காணி என்றால் இந்த நெருக்குதல் இன்னும் கூட.

கடன் முட்டிப்போனால் காணியைத் தொடுமுன் ஒரு தடவை எங்களோடு இருந்து கதையுங்கள். தவணையை மாற்றிக் கேட்பது, மாதர் சங்கத்தின் சுழற்சிப் பணத்தில் எடுத்து அடைப்பது என்று வேறு வழி இருக்கலாம். எல்லாத் தடவையும் இருப்பதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் காணி போன குடும்பம் திரும்பக் காணி வாங்கியதை நான் இதுவரை காணவில்லை.

2024 பெப்ரவரியில் தொடங்கிய ‘உறுமய’ திட்டத்தில் பெர்மிட், அளிப்புக் காணிகளுக்கு முழு உரித்து உறுதி கொடுக்கத் தொடங்கினார்கள். முழு உரித்து கேட்பது மக்களின் நியாயம், நான் அதற்கு எதிரில்லை. விற்கத் தடையில்லாத உறுதி கடன்பட்ட வீட்டுக்குள் வரும்போது, கடன்காரரும் அதே வாசலால் வருவார் என்பதுதான் என் பயம்.

எங்கள் உறுதிக் காணியில் வேறு குடும்பம் இருக்கிறது. பத்து வருடம் தாண்டினால் அவர்களுக்குச் சொந்தமாகிவிடுமா?

தனியார் காணியில் பத்து வருடம் தடையின்றி எதிராட்சி செய்தவர், அதாவது உரியவரை ஏற்காமல் தன் காணிபோல வைத்திருந்தவர், உரிமை கோர முடியும் என்பது பழைய சட்டம். போரால் இடம்பெயர்ந்து தன் உரிமையைக் கேட்க முடியாமல் இருந்தவர்களுக்காக 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட அது வழி செய்தது. நிபந்தனைகள் உண்டு, ஆகவே சட்டத்தரணியிடம் போங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அரச காணிக்கு இந்தப் பத்து வருடக் கணக்கு பொருந்தாது.

இருக்கும் குடும்பமும் பெரும்பாலும் எங்கிருந்தோ துரத்தப்பட்ட குடும்பம்தான். வழக்குக்கு முதல் ஒரு தடவை எங்கள் முன்னால் இரு பகுதியும் இருந்து பேசச் சொல்லிக் கேட்போம்.

வீட்டுத்திட்டம் பாதியில் நின்றுவிட்டது. சுவர் லின்டல் மட்டத்தில் நிற்கிறது. என்ன செய்யலாம்?

வன்னியில் வீடு கட்டிய அனுபவம் நமக்கு நிறைய. 2012 ஒக்டோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, கட்டம் கட்டமாக, பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தது. மேசனாரைப் பிடிப்பது, மணல் ஏற்றுவது எல்லாம் வீட்டுக்காரரே. 550 சதுர அடி. அந்த வீடுகள் இன்றைக்கும் நல்லா நிற்கின்றன, ஏனென்றால் கட்டினவர்களே இருக்கப்போகிறவர்கள். 65,000 இரும்பு வீடுகள் என்று பிறகு ஒரு பேச்சு வந்தபோது ஊர்கள் எதிர்த்து நின்றதும் இதனால்தான். நம் வெயிலுக்கு அது அடுப்பு, நம் மேசன்மாருக்கும் கல் அரிகிறவர்களுக்கும் அதில் வேலையும் இல்லை.

ஆனால் அன்றைக்கு ஒரு தவறும் பரவலாக நடந்தது. காசு வந்ததும் பெரிய அத்திவாரம் போட்டார்கள். பிள்ளைகள் வளருவார்கள், ஒரு அறை கூட இருக்கட்டும் என்ற ஆசை, அதில் என்ன பிழை? தவணைப் பணம் அத்திவாரத்திலேயே முடிந்து, நகை அடைவுக்குப் போனது. பின்னால் வந்த சில திட்டங்களில் அடுத்த தவணையே வரவில்லை. 2022 நெருக்கடியில் ஆயிரம் ரூபா அளவில் இருந்த சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தாண்டியது. லின்டலில் நின்ற சுவர்கள் அப்படியே நின்றன.

நின்றுபோன வீட்டுக்கு நாங்கள் சொல்வது இதுதான். முதலில் ஒப்பந்தத் தாளையும் இதுவரை வந்த தவணை விபரத்தையும் எடுத்து வாருங்கள். மீதியைக் கேட்டு எழுதலாம், பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முழு வீட்டுக்கும் கூரை போட முயலாமல் ஓர் அறையையும் குசினியையும் மூடிக் குடியேறுங்கள். மேலே திறந்த சுவரின் தலையில் மெல்லிய சாந்து பூசி விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மாரியில் தண்ணீர் இறங்கிக் கல் உதிரும். புதிதாகக் கட்டுபவர்களுக்கு, பின்னால் ஓர் அறை ஒட்டக்கூடிய மாதிரிச் சிறு வீட்டு வரைபடம் எங்களிடம் இருக்கிறது. இலவசமாக எடுத்துப் போகலாம்.

மேய்ச்சல் தரை சும்மாதானே கிடக்கிறது? அதை வீடில்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் என்ன?

இதைக் கேட்பவர் பெரும்பாலும் காணியில்லாதவர். அதனால் இதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சும்மா கிடக்கிறது என்று நாம் சொல்லும் காணி, வருடத்தில் சில மாதங்கள் யாரோ ஒருவருக்கு எல்லாமுமாக இருக்கிற காணி. காலபோகம் விதைத்தால், மாசியில் வெட்டி முடியும்வரை வயற்பக்கம் மாடு இறங்க முடியாது. காட்டுப்பக்கம் போனால் வன இலாகாவின் எல்லைக்கல். அந்த மாதங்களில் பட்டி மாடு எங்கே போகும்? வீதிக்கு வரும், கட்டாக்காலி என்று பிடித்துத் தண்டம் அடிப்பார்கள். அல்லது இரவில் வயலுக்குள் இறங்கும், விடிய அயலவரோடு சண்டை, சில வேளை வெட்டுப்பட்ட மாடு. மாடு வைத்திருப்பவர்கள் பணக்காரர்களும் இல்லை. விடியப் பால் சேர்க்கும் வாகனத்துக்கு நாலு லீற்றர் கொடுத்துப் பிள்ளையின் பாடசாலைச் செலவைப் பார்க்கிற பெண்கள். கணவரை இழந்த பிறகு இரண்டு மாட்டோடு வாழ்க்கையைத் திரும்பத் தொடங்கியவர்கள். ஓர் ஏழைக்கு வீடு கொடுக்க இன்னோர் ஏழையின் பிழைப்பை எடுப்பது நியாயமாகுமா?

அதோடு இன்னொன்று. போன வருடம் பழைய பிளானை எடுத்துக்கொண்டு மேய்ச்சல் தரையின் எல்லையை நடந்து பார்த்தோம். பதினொரு கல் இருக்க வேண்டும். ஏழு கல்லைத்தான் கண்டோம். ஒன்று பிடுங்கிப் புரட்டிக் கிடந்தது. ஒன்று ஒரு வளவில் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லாக இருந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு அது என்ன கல் என்றே தெரியாது, யாரோ உழவு இயந்திரத்தில் கொண்டுவந்து போட்டதாகச் சொன்னார். மற்ற இரண்டும் நின்ற இடத்தில் கொங்கிறீட் தூண் போட்டு முட்கம்பி இழுத்திருந்தது. அந்த வேலிக்குள் வீடு இல்லை, கொட்டில்கூட இல்லை. வேலி அடித்தவருக்கு நகரத்தில் மேல்மாடி வீடு.

பொதுக் காணியைத் திறந்துவிட்டால் இப்படித்தான் போகும். காணியில்லாதவருக்கு ஓரத்தில் ஒரு துண்டு, உழவு இயந்திரமும் முட்கம்பியும் உள்ளவருக்கு மீதி. அதனால்தான் வீட்டு வேலையையும் பொதுக் காணி வேலையையும் ஒரே குழு பார்க்கிறது. வீட்டுக்கு வேறு காணி இருக்கிறது. பல வருடமாக யாரும் குடியிருக்காத பெர்மிட் காணிகள், பகிர்ந்தளிக்க அளந்துவிட்டு அப்படியே விட்ட துண்டுகள், தேவைக்கு மேல் கட்டிவைத்திருக்கும் திணைக்கள வளவுகள். 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கடிதம் கொடுத்தால் பதினான்கு வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முதலில் இப்படிக் கிடக்கும் காணிகளின் பட்டியலைக் கேட்போம்.

அலைகரையில் ஏற்கெனவே குடியிருப்பவர்களை எழுப்புவீர்களா?

எழுப்ப மாட்டோம், எழுப்பச் சொல்லிக் கேட்கவும் மாட்டோம். 2018 டிசம்பரில் ஒரே இரவு மழையில் இரணைமடுக் குளம் நிறைந்து கதவுகள் திறந்தபோது கனகராயன் ஆற்றோரம், பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கமெல்லாம் என்ன ஆனது என்று நாம் கண்டோம். அலைகரை என்பது குளம் நிறையும்போது தண்ணீர் வந்து படுக்கிற இடம். அங்கே இருப்பவர் விருப்பத்தோடு இருக்கவில்லை, வேறு இடம் இல்லாமல் இருக்கிறார். மாற்றுக் காணி அவர் பெயரில் எழுதிக் கையில் வந்த பிறகே இடம் மாறுவது என்பது எங்கள் நிலைப்பாடு. புதிதாக வேலி அடிப்பதைத்தான் தடுக்கிறோம்.

வயல் நிரப்பி வீடு கட்டுவதும் இதே வகைதான். 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியில்லாமல் வயற்காணியை நிரப்ப முடியாது. ஒருவர் நிரப்பினால் அடுத்த வயலின் வடிகால் அடைபடும்.

மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கும் உங்கள் குழு வேலை செய்யுமா?

கட்டாயம். அவர்கள் நம்மவர்கள், பிறத்தியார் இல்லை. 1958, 1977 வன்செயல்களில் உயிர் தப்பி, தோட்டங்களில் பட்டினி வந்த காலத்திலும் இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தவர்கள். காடு வெட்டி, கிணறு கிண்டி, மலையாளபுரம், பாரதிபுரம், உதயநகர் போன்ற ஊர்களை ஆக்கியவர்கள். நம் வயல்களில் நாற்பது ஐம்பது வருடமாகக் கூலி வேலை செய்பவர்களும் அவர்கள்தான். ஆனால் அவர்களில் பலரிடம் இன்னமும் காணிப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாததால் வீட்டுத்திட்டத்தில் பெயர் வரவில்லை. வீடு இல்லாததால் அடுத்த பட்டியலிலும் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள்.

சில இடங்களில், உறுதிக்காரர் வெளியூரில் இருக்க, இவர்கள் பரம்பரையாக அந்தக் காணியில் இருக்கிறார்கள். உறுதிக்காரரோடு பேசி ஆளுக்கு இரண்டு பரப்பாவது எழுதிவாங்கப் பார்க்கிறோம். எல்லாரும் மறுப்பதில்லை. கூட்டத்தில் யாராவது இந்தக் குடும்பங்களைக் குறைத்துப் பேசினால் அன்றைக்கே நிறுத்துவோம்.

படையினர் வசம் உள்ள காணிகளையும் பார்ப்பீர்களா?

காணிக்காரர்கள் எடுக்கும் முயற்சிக்குத் துணை நிற்போம், முன்னுக்கு நிற்க மாட்டோம். முல்லைத்தீவு கேப்பாப்புலவில் உள்ள பிலக்குடியிருப்பு மக்கள் 2017 இல் ஒரு மாதம் வீதியில் இருந்து போராடி மார்ச் 1 ஆம் திகதி தங்கள் காணிக்குள் போனார்கள். 1992 இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரலில் படகேறித் தாங்களே தீவில் இறங்கினார்கள். இரண்டு இடத்திலும் வழி காட்டியவர்கள் அந்த ஊர்ப் பெண்கள்.

2025 வர்த்தமானி வந்தபோது எல்லாரும் பயந்தோம். திரும்ப வருமா?

2025 மார்ச் 28 ஆம் திகதிய வர்த்தமானி வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கரைக் குறிப்பிட்டு, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்றது. கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காணிகளும் அதில் இருந்தன. எதிர்ப்பு கிளம்பி, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, அரசும் அதை மீளப்பெற்றது.

அந்த மூன்று மாதத்தில் நாங்கள் கண்டது, பத்திரத்தை எங்கே வைத்தோம் என்று தெரியாத வீடுகள், உறுதி கொழும்பிலும் கனடாவிலும் இருக்க ஆள் இங்கே இருக்கிற வீடுகள். திரும்ப வருமா என்று எங்களால் சொல்ல முடியாது. ஆகவே இப்போதே, அமைதியாக, ஒவ்வொரு காணிக்கும் ஒரு கோப்பு திறந்து வைக்கிறோம். உங்கள் பிரதியையும் சேர்த்துவிடுங்கள்.

நாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம். கிளிநொச்சியில் காணி பற்றை பிடித்துக் கிடக்கிறது. ஊருக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், எப்படிக் கொடுப்பது என்பதில் கவனம் வேண்டும். ஓர் ஆளின் பெயருக்குக் கொடுத்தால் நாளைக்கு அவருடைய பிள்ளைகள் விற்கலாம். நம்மவர் கோயிலுக்குத் தருமசாதன உறுதி எழுதுவது தெரியும்தானே? காணி சுவாமிக்கு, பராமரிப்பது தருமகர்த்தா, விற்க யாருக்கும் உரிமையில்லை. 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டம் இதே வழியைப் பொதுத் தேவைக்கும் திறந்து வைத்திருக்கிறது. காணி பொதுவில், அதன்மேல் வீடு குடும்பத்துக்கு, நீண்ட குத்தகையில். விற்க விரும்பினால் வீட்டை மட்டும், இன்னொரு காணியில்லாத குடும்பத்துக்கு.

இது புது யோசனையும் இல்லை. இந்தியாவில் வினோபா பாவேயின் கிராமதான இயக்கம் ஊர் நிலத்தை ஊருக்குப் பொதுவாக்கியது. அதையும் பார்த்துக் கற்றுத்தான் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் கறுப்பின விவசாயிகள் 1969 இல் தங்கள் பொதுநில நம்பிக்கைப் பொறுப்பைத் தொடங்கினார்கள். அந்த நாட்டின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 2000 இல் ஒரு சட்டம் வந்தது. ஊரவர் வாக்களித்து, தங்கள் சோலைவரித் தொகையோடு 3 வீதம் வரை மேலதிகமாகக் கட்டலாம். அந்தப் பணத்தில் வீட்டுக்குப் பத்து வீதம், திறந்த நிலத்துக்குப் பத்து வீதம், பழைமை வாய்ந்த இடங்களுக்குப் பத்து வீதமாவது போக வேண்டும், மீதி ஊரின் முடிவு. நம் பிரதேச சபைக்கு அப்படியொரு அதிகாரம் இல்லை. ஆனால் வீட்டையும் வெளியையும் ஒரே கணக்கில் எழுதிய அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர்கள் இங்கே காணி வாங்க 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடை போடுகிறது. பரம்பரையாக வந்த காணி வைத்திருக்கலாம். இரட்டைக் குடியுரிமை இருந்தால் வேறு.

கூட்டத்துக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

அடையாள அட்டை, காணி சம்பந்தமாகக் கையில் உள்ள எந்தத் துண்டுக் கடதாசியும், பழைய ரசீது உட்பட. எல்லைக்கு அயலவர் நாலு பக்கமும் யார் என்று எழுதி வாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இருந்து வாசித்துச் சொல்வோம். அசல் பத்திரத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துப் போய்விடுங்கள். எங்களுக்குப் பிரதி போதும். அசலை யாரிடமும் விட வேண்டாம், எங்களிடமும்.